பின் சக்கரத்து ஒட்டு

பத்துமலைக்கு வலது முட்டி காலை நாலரை மணிக்கே வலிக்கத் தொடங்கிவிடும். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு மணி அடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். இருபது வருடமாக இரண்டு டின் நிறைய ரப்பர்ப் பாலைச் சைக்கிளில் கட்டி மேட்டில் மிதித்த முட்டி அது. படுத்தபடியே காலை நீட்டி மடக்கினால் எலும்புக்குள் மணல் கரகரக்கும். நல்லம்மாள்தான் தைலத்தை எடுத்துவந்து தேய்த்துவிடுவாள். அன்றைக்கு அவள் வரவில்லை. அடுப்படியிலிருந்து நெத்திலி வதங்கும் வாசம் வந்தது.

"இந்நேரத்துல என்னா சமையலு?"

"தம்பிக்குக் கட்டிக் குடுக்குறேன். வேலை முடிஞ்சதும் பஞ்சலிங்கம் சாரும் அவனும் லகாட்டுக்குப் போறாங்களாம், சைக்கிள் பிரேம் எடுக்க. ரெண்டு பேருக்கும் சேத்துக் கட்டுறேன்."

"அந்தாளுக்கு வூட்டுல சோறு இல்லியா?"

"ஒண்டிக்கட்டைலா. யாரு ஆக்கிப் போடுவா? போன வாட்டி நம்ம நெத்திலி சம்பல் நல்லாருக்குன்னு வாயாரச் சொன்னாரு."

பதினைந்து வருடத்தில் சம்பல் நல்லாயிருக்கிறது என்று பத்துமலை ஒரு நாளும் சொன்னதில்லை. தின்றிருக்கிறான். தின்றதே சொன்ன மாதிரிதான் என்று நினைத்திருந்தான். எழுந்து தைலத்தைத் தானே தேய்த்துக்கொண்டு, பசியாறாமல் பால்காட்டுக்குப் போனான்.

நல்லம்மாளைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளோடு சேர்ந்து வந்தவன் ஜெயபாலன். தாய் தகப்பன் இல்லாத தம்பி. அப்போது ஒன்பது வயது. பத்துமலைக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஜெயபாலன் சைக்கிள் பழகியது பத்துமலையின் சைக்கிளில்தான், இரண்டு மர நிரைக்கு நடுவே. இப்போது இருபத்து நாலு வயது. ஈப்போவில் ரேடியோ சாமான் பூட்டுகிற பேக்டரியில் வேலை. ஆனால் இந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எந்தச் சைக்கிள் உடைந்தாலும் ஆட்கள் பத்துமலை வீட்டு வாசலுக்குத்தான் உருட்டிக்கொண்டு வருவார்கள். பத்துமலை பழைய கம்பியை வளைத்துக் கேரியர் கட்டுவான். கழற்றிப் போட்ட செயினில் நல்ல கண்ணியைப் பொறுக்கிக் கோத்துக் கொடுப்பான். காசு வாங்கமாட்டான். மரியாதையை வாங்கிக்கொள்வான்.

அப்படிப்பட்ட வீட்டில், மலை ஏறுகிற சைக்கிள் ஒன்று செய்யப்போகிறேன் என்று ஜெயபாலன் சொன்னபோது, பத்துமலை அன்றைக்கே சாமான் கொட்டகையைக் கூட்டி வைத்தான். தன்னிடம் உதவி கேட்பான் என்று ஒரு மாதம் காத்திருந்தான். ஜெயபாலன் பஞ்சலிங்கத்தைக் கேட்டான்.

பஞ்சலிங்கம் பொதுப்பணி இலாகாவில் பாலங்களுக்குப் படம் வரைகிறவர். யாழ்ப்பாணத்து வம்சம், நாற்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டுவார். ஈப்போவில் ஒரு சீனர் சைக்கிள் கடையில் ஜெயபாலனைப் பார்த்துப் பழக்கம். தாப்பாவிலிருந்து அருவி வரை மலைப்பாதையில் ஏறி, அங்கே திரும்பிக் கீழே வருகிற பந்தயம் ஒன்று இருக்கிறது, முதல் ஐந்து பேருக்குள் வந்தால் பேராக் மாநிலக் குழுவில் எடுப்பார்கள் என்று சொன்னவரும் அவர்தான். அன்றிலிருந்து ஜெயபாலன் வாயைத் திறந்தால் அவர் பேர்தான்.

"பஞ்சலிங்கம் அண்ணே சொல்றாரு, முன்னால மூணு பல்சக்கரம் வேணுமாம் மச்சான். சின்னதுல இருவத்தெட்டுப் பல்லு. பின்னால ஆறு. செங்குத்தா இருந்தாலும் ஒக்காந்துகிட்டே மிதிக்கலாமாம்."

"நான் ஒத்தப் பல்சக்கரத்துல எண்பது கிலோ பால ஏத்திருக்கேன்."

"அதான் மச்சான் முட்டி போச்சு."

கேலியாகத்தான் சொன்னான். பத்துமலை சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரேமும் மற்ற சாமான்களும் வந்து இறங்கின. பஞ்சலிங்கத்தின் பழைய டட்சன் காரின் பின் சீட்டு முழுக்க அட்டைப் பெட்டிகள். லகாட்டில் ஈயச் சுரங்கத்துக்குக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவர், பஞ்சலிங்கத்தின் படத்தைப் பார்த்து ஒட்டிய பிரேம். மெல்லிய உருக்குக் குழாய். ஒற்றைக் கையால் தூக்கலாம். லயத்து ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். பக்கத்து வீட்டு ராக்காயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

பஞ்சலிங்கம் கட்டம் போட்ட தாளை விரித்தார். சைக்கிள் அதில் படுத்திருந்தது. ஒவ்வொரு குழாய்க்கும் நீளம், ஒவ்வொரு மூலைக்கும் கோணம்.

"தம்பியின்ரை கால் நீளத்தை அளந்துதான் கீறினனான். முன் சில்லைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியிருக்கு. இறக்கத்திலை தலைகுத்தா விழாமல் இருக்கோணும் எண்டு."

"சக்கரம் ஏன் சார் இத்துனூண்டா இருக்கு?" என்றான் பத்துமலை.

"இருபத்தாறு அங்குலம், அண்ணை. டயர் அகலம். கல்லு, சேறு எல்லாத்திலையும் பிடிக்கும்."

பத்துமலை ரிம்மை எடுத்து விரலால் சுண்டினான். "அலுமினியம்."

"ஓம்."

"அலுமினியம் சட்டிக்கு ஆவும், வட்டிலுக்கு ஆவும். சக்கரத்துக்கு இரும்புதான் சார். எங்கிட்ட நல்ல இரும்பு ரிம்மு ரெண்டு இருக்கு. சும்மாவே தாரேன்."

"மழை பெய்தால் இரும்பிலை பிரேக் பிடியாது, அண்ணை."

"இருவது வருசமா மழையிலதான் ஓட்டுறேன்."

"ஒருக்காப் பாப்பமே?"

பஞ்சலிங்கம் சாதாரணமாகத்தான் சொன்னார். பத்துமலை தன் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவனே வாளித் தண்ணீரை இரண்டு சக்கரத்திலும் ஊற்றினான். லயத்துச் சரிவில் ஏறி உட்கார்ந்து வந்தான். கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகை முன்னால் பிரேக்கை இறுக்கினான். சைக்கிள் நிற்கவில்லை. கொட்டகையைத் தாண்டி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, கடைசி வீட்டு மரவள்ளிச் செடிகளுக்குள் போய் நின்றது.

ராக்காயிதான் முதலில் ஆரம்பித்தாள். "என்னா பத்துமல, கெழங்கு புடுங்கவா போன? சொல்லிருந்தா நானும் கூடையத் தூக்கிட்டு வந்துருப்பேன்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். நல்லம்மாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பஞ்சலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. ஓடிவந்து சைக்கிளைப் பிடித்து, "அடி ஏதும் பட்டதோ அண்ணை?" என்று கேட்டார். பத்துமலைக்கு அதுதான் பொறுக்கவில்லை. சிரித்திருந்தால்கூட ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் தீர்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அவன் அந்தச் சைக்கிளின் பக்கம் போகவில்லை. மாலையில் வேலை முடிந்து ஜெயபாலனும் பஞ்சலிங்கமும் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பூட்டுவார்கள். நல்லம்மாள் கோப்பி கலக்கிக் கொடுப்பாள். பத்துமலை உள்ளே பால் வெட்டுகிற உளியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருப்பான். உளி எப்போதோ கூர் ஏறியிருக்கும். அவன் தீட்டிக்கொண்டே இருப்பான்.

"ஏங்க, வெளிய வந்து ஒக்காருங்களேன்."

"எனக்கு அங்க என்னா வேலை? படம் போட்டாச்சு, ஆளும் வந்தாச்சு."

"பையன் மேல வர்றதுல ஒங்களுக்கு என்னாங்க நோவுது?"

"நோவுதுன்னு நான் சொன்னனா?"

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜெயபாலன் அடுப்படியில் வந்து நின்றான். சக்கரத்தைத் தேய்த்துப் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் சுவரைத் தேய்த்தான்.

"மச்சான், கடையில சக்கரம் கோக்குற ஆளு ஊருக்குப் போயிட்டாராம். வர ரெண்டு வாரம் ஆவுமாம்."

பத்துமலை தட்டை எடுத்துக் கழுவினான்.

"கம்பி கோக்க இங்க ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

"ஒங்க பஞ்சலிங்கம் அண்ணே கோக்க மாட்டாரா?"

"அவருக்குக் கை வராதாம். அவருதான் சொன்னாரு, ஒங்கள கேக்கச் சொல்லி."

நீயாகக் கேட்கவில்லை, அவர் சொல்லித்தான் கேட்கிறாய். பத்துமலைக்கு அது மட்டும்தான் காதில் நின்றது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் மழை, பால்வெட்டு இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பி கோத்தான். ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் மீட்டிக் காது கொடுத்துக் கேட்டான். தளர்ந்த கம்பி மந்தமாகப் பேசும், முறுக்கியது கணீரென்று சொல்லும். முப்பத்தாறும் ஒரே குரலில் பேசுகிறவரை விடவில்லை. சுற்றிவிட்டால் சக்கரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி ஓடியது. கடைக்காரர் கொடுத்த கம்பி ஒரு தலைமுடி கூடுதல் நீளம். முனைகள் ரிம்முக்குள் எட்டிப் பார்த்தன. அரத்தால் ராவினான். இரும்பு ரிம்மில் இதையெல்லாம் ராவுகிற வழக்கமே இல்லை. பழைய டயரைக் கிழித்து உள்ளே ஒரு வார் போட்டால் முடிந்தது.

பஞ்சலிங்கம் வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஈப்போ முழுக்கத் தேடினாலும் இப்பிடி ஒரு வேலை கிடையாது. உங்கடை கைக்குக் கும்பிடு போடோணும் அண்ணை."

பத்துமலை பல்லைக் காட்டினான். பெரட்டுக் களத்தில் துரை முதுகில் தட்டிக்கொடுத்தது போலிருந்தது. நான் செய்ததை நல்லாயிருக்கு என்று சொல்ல நீ யார்?

பந்தயத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. பாலை எடைபோட்டுவிட்டுப் பத்துமலை வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. ஜெயபாலன் அரை நாள் வேலைக்குப் போனவன் இன்னும் வரவில்லை. நல்லம்மாள் கடைக்குப் போயிருந்தாள். சுவர் ஓரம் நின்ற புதுச் சைக்கிளின் பின் டயர் தரையோடு சப்பிக்கிடந்தது.

முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம். அதை அவன் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறான். அலுமினியம், அகல டயர், கட்டம் போட்ட தாள், எல்லாம் இதற்குத்தானா என்று ஒரு நொடி உள்ளே குளிர்ந்தது. பிறகு டயரைக் கழற்றினான். டியூபின் உள்வட்டத்தில், ரிம்மைத் தொடுகிற பக்கம், ஊசி குத்தியது போல் ஒரு துளை. அதற்கு நேரே ரிம்முக்குள் விரலை விட்டான். கம்பி முனை ஒன்று விரலில் குத்தியது. முப்பத்தாறில் ஒன்று. அவன் ராவாமல் விட்டது.

சுவரில் ஆணியில் ஒரு சின்னப் பெட்டி தொங்கியது. உள்ளே புது டியூப். அவசரத்துக்கு என்று பஞ்சலிங்கம் கொடுத்தது. ஓட்டத்தில் நின்று மாற்ற நேரம் இருக்காது, வீட்டிலேயே கிடக்கட்டும் என்று ஜெயபாலன் மாட்டிவைத்திருந்தான். பத்துமலை பெட்டியை எடுத்தான். எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினான். பெட்டி காலியாயிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் கம்பியைக் காட்டவேண்டும். அந்த ஆள் குனிந்து பார்ப்பார். திட்டமாட்டார். "பரவாயில்லை அண்ணை, எல்லாருக்கும் வாறதுதான்" என்பார். மரவள்ளிச் செடிக்குள் ஓடிவந்து பிடித்த அதே முகத்தோடு சொல்லுவார்.

பத்துமலை கம்பி முனையை மழமழவென்று ராவினான். பிறகு, தோட்டத்தில் எல்லாரும் டியூப் ஒட்டுகிறபடி ஒட்டினான். டின்னின் அடியில் மிச்சமிருந்த பாலை, மரத்தில் பால் பிடிக்கிற மங்கில் ஊற்றிக்கொண்டான். டியூபை உப்புத்தாளால் தேய்த்துப் பாலை விரலால் தடவினான். காயவிட்டுத் திரும்பத் தடவினான். உலர்ந்த ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி மேலே வைத்து அழுத்தி, அம்மிக் குழவியைத் தூக்கிப் பாரம் வைத்தான். இரண்டு மணி நேரம் கழித்துக் காற்று அடித்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தான். ஒரு குமிழி இல்லை. அவன் சைக்கிளில் இப்படிப் போட்ட ஒட்டு ஆறு வருடம் ஓடியிருக்கிறது. கடையில் விற்கிற பசையை அவன் ஒரு நாளும் வாங்கியதில்லை. பால்மரத்துக்காரன் பசைக்குக் காசு கொடுப்பானா?

அவன் சைக்கிள் ஓடுகிறது தோட்டத்துச் செம்மண் பாதையில். அது மலையிலிருந்து இறங்கியதே இல்லை.

மறுநாள் காரில் நாலு பேரும் தாப்பாவுக்குப் போனார்கள். சைக்கிள் காரின் மேல் கட்டிக்கிடந்தது. நல்லம்மாள் மடியில் சர்டின் ரொட்டிப் பொட்டலம்.

"பத்துமலை அண்ணை, சில்லு ரெண்டையும் கடைசியா ஒருக்காப் பாத்தனீங்களோ?" என்று ஓட்டிக்கொண்டே கேட்டார் பஞ்சலிங்கம்.

"பாத்தாச்சு சார்."

"அப்ப எனக்குப் பயமில்லை."

ஜெயபாலன் பின் சீட்டிலிருந்து பத்துமலையின் தோளைப் பிடித்து அழுத்தினான். "மச்சான் கோத்த சக்கரம்லா." பத்துமலை சன்னலுக்கு வெளியே பார்த்தான். சொல்வதற்கு இன்னும் இருபது மைல் இருந்தது. பிறகு பத்து. பிறகு தாப்பா வந்துவிட்டது.

எண்பது பேர் போல மலை ஏறினார்கள். கீழே நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரப் பையன் ஒருவன் அருவியில் திரும்பிய வரிசையைச் சொன்னான். ஜெயபாலன் நாலாவது. நல்லம்மாள் பஞ்சலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "ஒங்களாலதான் சார்! ஒங்களாலதான்!" பத்துமலை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முதல் ஆள் வந்தான். இரண்டு, மூன்று. நாலாவதாக வந்தது வேறு யாரோ. ஏழு பேர் வந்தபின் அதே மோட்டார் சைக்கிள் திரும்ப வந்தது. அந்தப் பையன் இந்த முறை வரிசை சொல்லவில்லை. பந்தயக்காரர்களின் வேனில் மூவரையும் மேலே ஏற்றிப்போனார்கள்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜெயபாலன் தண்ணீர் ஓடும் கல் வாய்க்காலுக்குள் கிடந்தான். பிரக்ஞை இருந்தது. தோள் எலும்பு தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது. வலது மணிக்கட்டு திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. "பின்னால டக்குனு காத்து போயிருச்சு மச்சான், வளைவுல," என்றான். ஆம்புலன்ஸ் வந்தது. பஞ்சலிங்கமும் நல்லம்மாளும் அதில் ஏறிக்கொண்டார்கள். "சைக்கிளைப் பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை" என்றார் பஞ்சலிங்கம். அவர் வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம்.

பத்துமலை சைக்கிளைத் தூக்கினான். ரிம்மைத் தொட்டவன் கையை எடுத்துக்கொண்டான். இத்தனை நேரத்துக்குப் பிறகும் சூடு இருந்தது. மைல் கணக்கில் பிரேக்கை இறுக்கிப் பிடித்து இறங்கிய சூடு. சக்கரத்தைக் கழற்றி, டயருக்குள் விரலை விட்டு டியூபை உருவினான். ஒட்டு இருந்த இடத்தில் இல்லை. பச்சைப் பால் வெந்து, பிசினாக இளகி, ஒரு அங்குலம் தள்ளி வழுகிக் கிடந்தது. விரலில் ஒட்டிக்கொண்டு விட மறுத்தது. பத்துமலை டியூபைச் சுருட்டிக் காற்சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். சுற்றிலும் யாரும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நல்லம்மாள் ஆடித் தீர்த்தாள்.

"எங்க வூட்டுப் புள்ளைய கொண்டுபோயி மலையில தள்ளிட்டீங்களே! தாளு, தாளுன்னு கீறிக்கீறிக் காட்டுனீங்களே! எங்க வூட்டுக்காரரு அப்பவே சொன்னாரு, அலுமினியம் வேணாம்னு! நீங்க கேட்டீங்களா?"

பஞ்சலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "பிழை என்ரைதான் அம்மா. டியூப், டயர், எல்லாம் நான் பாத்து எடுத்தது. எங்கையோ பிழை விட்டிட்டன்."

பத்துமலை இரண்டு அடி தள்ளி நின்றான். பையில் டியூப் தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நல்லம்மாள் திரும்பி அவன் மார்பில் முகத்தை வைத்து அழுதாள். பல மாதங்களாக அவள் அப்படிச் சாய்ந்ததில்லை. பத்துமலை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

மணிக்கட்டு கோணலாகவே கூடியது. மெல்லிய கம்பி பற்றவைக்கிற வேலை ஜெயபாலனுக்கு இனி முடியாது என்று பேக்டரியில் பெட்டி கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். சைக்கிளைக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடினான். மாலையில் வெளியே போகமாட்டான். பத்துமலை வாசலில் யாருடைய சைக்கிளையோ பிரித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து உட்காருவான். இடக்கையால் சாமான் எடுத்துக் கொடுப்பான்.

ஒரு நாள் அவனே சொன்னான். "நீங்க சொன்னதுதான் மச்சான் சரி. இரும்பு ரிம்மே போட்டுருக்கணும். ஒங்க பேச்சக் கேக்காம போனேன் பாருங்க."

இந்த வார்த்தைக்குத்தான் பத்துமலை அத்தனை மாதமாகக் காத்திருந்தான். கையிலிருந்த ஸ்பேனர் நழுவி முட்டியில் விழுந்தது.

"வுடு ஜெயா. நட்ட எடு," என்றான்.

தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். பஞ்சலிங்கம் வந்தார். விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. காரை விட்டு இறங்கி வாசலிலேயே நின்றார். இளைத்திருந்தார். ஜெயபாலன் சத்தம் கேட்டு உள்ளே போய்விட்டான். நல்லம்மாள் கோப்பி கொண்டுவரவில்லை.

"பாரிட் புந்தாருக்கு மாத்தல் அண்ணை. நாளைக்குப் போறன். சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"ம்."

"ஒண்டு கேக்கோணும். அந்தப் பின் சில்லு டியூப் உங்களிட்டை இருக்கோ?"

பத்துமலை நிமிர்ந்தான்.

"ஏன் சார்?"

"என்ன பிழைச்சது எண்டு தெரியோணும். ரிம்மோ, டயரோ, டியூபோ. அண்டைக்கிருந்து எனக்கு நித்திரை இல்லை. அங்கையும் ரெண்டு பெடியள் சைக்கிள் செய்யோணும் எண்டு கேக்கிறாங்கள். தெரியாமல் நான் அவங்களுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

உள்ளே ஜெயபாலன் இருமினான். பத்துமலை துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையைத் திரும்பத் துடைத்தான்.

"அத அன்னிக்கே வீசிட்டேன் சார்."

பஞ்சலிங்கம் தலையை ஆட்டினார். உள்ளே சுவரில் ஆணியில் தொங்கிய புது டியூப் பெட்டியைப் பார்த்தார். "அது இருக்கட்டும். தம்பி திரும்ப ஓடினால் உதவும்." கைகூப்பிவிட்டுக் காரில் ஏறினார். செம்மண் தூசி லயத்துச் சரிவில் ஆயாக்கொட்டகை வரை எழும்பி அடங்கியது.

தோட்டத்தை வீடு கட்ட விற்றபிறகு பத்துமலை ஈப்போவுக்குக் குடி மாறினான். கூடவே உளி வைக்கிற தகரப் பெட்டியும் போனது. உளிகளுக்கு அடியில் அந்த டியூப் சுருண்டு கிடக்கிறது, ஒட்டு ஒரு அங்குலம் வழுகியபடி. பாரிட் புந்தாருக்கு ஈப்போவிலிருந்து பஸ் இருக்கிறது. ஒட்டியது நான்தான், உங்கள் மேல் பிழை இல்லை என்கிற ஒரு பேச்சைப் பத்துமலை பஞ்சலிங்கத்துக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.